பாலைவனப் பாறையடியில் நாலு இரவு: காசு கட்டிய இடமா, இலவச நிலமா?

வாசகர் கடிதம்: "அண்ணா, நாங்கள் கலிஃபோர்னியாவில் அர்வைனில் இருக்கிறோம். நானும் மனைவியும் இரண்டு வருடமாக ஜிம்மில் சுவர் ஏறிப் பழகுகிறோம். இதுவரை டாப் ரோப், அதாவது மேலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறுவது, மட்டும்தான். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நாலு இரவு ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று திட்டம். ஏழு வயது மகளும் வருகிறாள், ஒரு நண்பரும் அவர் மனைவியும் வருகிறார்கள். பூங்காவுக்குள் காசு கட்டி டென்ட் போடலாம் என்பது என் எண்ணம். 'வெளியே பிஎல்எம் நிலத்தில், அதாவது மத்திய அரசின் பொது நிலத்தில், சும்மாவே தங்கலாம், எதற்குத் தண்டமாகக் காசு' என்கிறார் நண்பர். என் மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கழிப்பறை இருக்குமா? நாங்கள் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பாறையேற்ற வழிகாட்டியாகப் பல வருடங்களாக ஆட்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப் போகிறேன். எங்கே தங்குவது என்று யார் கேட்டாலும், பேச்சு கடைசியில் கழிப்பறையிலும் தண்ணீரிலும் வந்துதான் நிற்கும். அதை முதலிலேயே கேட்டுவிட்டார் அவர்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்குப் பூங்காவுக்குள் காசு கட்டித் தங்குங்கள். உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இலவச நிலத்தில் நான் கழித்த இரவுகள் நிறைய, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அங்கே தங்குகிறவர் தனக்கான கழிப்பறை, தண்ணீர்க் குழாய், குப்பைவண்டி, காவலாள் எல்லாமாகத் தானே இருக்க வேண்டும். முதல் பயணத்தில், ஏழு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, கயிறும் பாறையும் புதிதாக இருக்கும்போது, அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்க வேண்டாம்.

கட்டணம் எங்கே போகிறது என்று நண்பர் கேட்பார். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அமெரிக்க மத்திய அரசு முடங்கிக் கிடந்தது. ஜாஷுவா ட்ரீயின் வாயில்கள் திறந்தே இருந்தன, ஊழியர்கள்தான் பெரும்பாலும் இல்லை. யாரும் காசு வாங்கவில்லை. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. குழிக் கழிப்பறைகள் நிரம்பும் நிலைக்கு வந்ததால் ஜனவரி 2 அன்று கேம்ப்கிரவுண்டுகளை மூட வேண்டியதாயிற்று. உள்ளூர்க்காரர்களும் பாறையேறுகிறவர்களும் கையுறை மாட்டிக்கொண்டு கழிப்பறை கழுவினார்கள், காகிதச் சுருள்களைத் தங்கள் வண்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். சில ஜாஷுவா மரங்கள் வெட்டப்பட்டன, சாலை இல்லாத இடத்தில் வண்டிகள் ஓடின. அந்தத் தடங்கள் இன்னும் பல காலம் அங்கே இருக்கும். நீங்கள் ஒரு இரவுக்குக் கட்டும் தொகை, அந்தக் குழியை உறிஞ்சி எடுக்கும் லாரிக்கும், இரவில் ஒரு சுற்று வந்து பார்க்கும் ரேஞ்சருக்கும் சேர்த்துத்தான். 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக இப்படி வசூலாகும் தொகையில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வசூலான இடத்துக்கே திரும்ப வேண்டும். தண்டம் என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

சரி, கழிப்பறை. ஜாஷுவா ட்ரீயில் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் இருப்பது குழிக் கழிப்பறை. ஃப்ளஷ் கிடையாது, குழாய் கிடையாது. கான்கிரீட் அறை, கதவு, தாழ்ப்பாள், உட்கார இருக்கை, பெரும்பாலும் காகிதம். அவ்வளவுதான். நம்மில் பலருக்குத் தண்ணீர் இல்லாமல் சரிப்படாது என்பதால், இதற்கென்று தனியாக ஒரு லிட்டர் பாட்டிலும், கையில் தேய்க்கச் சானிடைசரும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இருக்கையைத் துடைத்துவிட்டு வாருங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின், பிளாஸ்டிக் எதையும் அந்தக் குழிக்குள் போடக் கூடாது. உறிஞ்சும் குழாயில் அடைத்துக்கொள்ளும். பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டு கேம்ப்கிரவுண்டுகளில் மட்டும் ஃப்ளஷ் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. உங்கள் மனைவிக்கு இது பெரிய விஷயம் என்றால் பிளாக் ராக்கை மனதில் வையுங்கள்.

இலவச நிலத்தில் இதில் எதுவும் இருக்காது. பாலைவனத்தில் குழி தோண்டி மூடிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்த் தோட்டத்து மண்ணில் அது சரி. இந்த மண்ணில் ஈரமும் இல்லை, மட்கச் செய்யும் நுண்ணுயிரும் குறைவு. புதைத்தது வெகுநாள் அப்படியே இருக்கும். காகிதம் அதைவிட மோசம், காற்றில் வெளியே வந்து புதரில் தொங்கும். அதனால் வேக் பேக் என்ற பையை எடுத்துப் போகிறோம். இரண்டு அடுக்குப் பை, உள்ளே ஒரு தூள். ஈரம் பட்டதும் தூள் கெட்டியாகி வாடையை அடக்கிவிடும். கட்டி எடுத்து வந்து, ஊரில் அனுமதி உள்ள குப்பைத் தொட்டியில் போடலாம். அதில் நிறையத் தண்ணீர் விட்டால் தூள் தாங்காது. முதலில் ஈரத் துடைப்பான், அதையும் அதே பைக்குள் போட்டுவிட்டு, பிறகு ஒரு குவளைத் தண்ணீரால் கழுவிக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பை என்று கணக்கு வையுங்கள். ஐந்து பேர், நாலு நாள், இருபது பை. பயன்படுத்திய இருபது பைகளையும் வண்டியில் எங்கே கட்டி வைப்பது என்று நண்பரிடம் கேளுங்கள். மூடி இறுக்கமான பெயின்ட் வாளி வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னால், அவர் விவரமானவர். முழித்தால், இந்தத் தடவை பூங்காவுக்குள்ளேயே தங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். இங்கே காசு கட்டினாலும் பாதிக் கவலைதான் தீரும். பாறைக்கு நெருக்கமான ஹிடன் வேலி, ஜம்போ ராக்ஸ், ரையன் கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடிப்பதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, என்பது வழக்கமான கணக்கு. ஏறும் நாளில் அதற்கு மேலும் இழுக்கும். ஐந்து பேர், நாலு நாள் என்றால் 20 காலன். அது குடிக்க மட்டும். அரிசி களைய, சாதம் வைக்க, பாத்திரம் கழுவ, கை கால் கழுவ எல்லாம் சேர்ந்தால் நம் வீட்டுக் கணக்கு எங்கேயோ போய் நிற்கும். நான் முதல் நாளுக்குப் புளியோதரையும் இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வீட்டிலேயே செய்து எடுத்துப் போவேன். தொக்கு இருந்தால் கழுவ வேண்டிய பாத்திரம் பாதியாகக் குறையும். தட்டை முதலில் ரொட்டித் துண்டாலோ காகிதத்தாலோ நன்றாக வழித்துவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்துத் துடைத்தால், ஐந்து தட்டுக்கு அரை லிட்டர்கூட ஆகாது. செய்து பாருங்கள், மகளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

ஏழு காலன் கொள்ளும், குழாய் வைத்த கேன் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பெரிய டிரம் வேண்டாம். அது ஒழுகினால் மொத்தமும் போச்சு.

இப்போது நண்பரின் கணக்குக்கு வருகிறேன். ஜாஷுவா ட்ரீக்குத் தெற்கே, காட்டன்வுட் வாயிலைத் தாண்டி, ஐ-10 நெடுஞ்சாலைப் பக்கம் பிஎல்எம் நிலம் இருக்கிறது. தாராளமாகத் தங்கலாம், வழக்கமான வரம்பு 14 நாள். நல்ல இடம்தான். ஆனால் பாறைகள் அதிகம் இருக்கும் ஹிடன் வேலிக்கு அங்கிருந்து ஒரு வழிக்குச் சுமார் 45 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல். தினமும் போய் வந்தால் 90 மைல், நாலு நாளில் 360 மைல். காலனுக்கு 30 மைல் தரும் வண்டி, காலன் நாலரை டாலர் என்று வைத்தாலும் ஒரு வண்டிக்கு 54 டாலர், இரண்டு வண்டிக்கு 108. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம், பூங்காவில் ஒரு தங்குமிடத்தில் ஆறு பேர், மூன்று டென்ட், இடம் போதுமானால் இரண்டு வண்டி வரை அனுமதி. நீங்கள் ஐந்து பேரும் ஒரே இடத்தில் அடங்குவீர்கள். இரவுக்கு 25 டாலர் என்று வைத்தால் நாலு இரவுக்கு 100. பூங்கா நுழைவுக் கட்டணம், வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அதை எங்கே தங்கினாலும் கட்டத்தான் வேண்டும். இலவசம் என்று போய் எட்டு டாலர் கூடுதலாகக் கொடுத்து, தினமும் இரண்டு மணி நேரம் குழந்தையை வண்டியில் உட்கார வைப்பதில் என்ன லாபம்?

ஜாஷுவா ட்ரீ ஊருக்கு வடக்கே ஒரு வறண்ட ஏரிப்படுகையைப் பற்றியும் நண்பர் சொல்லலாம். அந்தப் பக்கம் தனியார் நிலமும் பொது நிலமும் சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து கிடக்கின்றன. வரைபடம் பார்க்காமல் டென்ட் அடித்தால் யாருடைய முற்றத்தில் படுத்திருக்கிறோம் என்றே தெரியாது. காற்று எழும்பினால் வாய், மூக்கு, சட்னி எல்லாம் புழுதி. மழை பெய்தால் சேறு. குழந்தையோடு போக நான் சொல்ல மாட்டேன்.

பூங்காவுக்குள் எது? மனதில் ஆசை இருக்கும், ஹிடன் வேலி என்று. பாறையேறுகிறவர்களின் பழைய முகாம் அது. டென்டிலிருந்து தலையை நீட்டினால் பாறை, கயிற்றைத் தோளில் போட்டுப் பத்து எட்டு வைத்தால் ஏறத் தொடங்கலாம். ஆனால் மொத்தம் 44 இடம், முன்பதிவு இல்லை, முதலில் வருகிறவருக்கே. தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் புதன்கிழமை வேலை முடித்துக் கிளம்பிப் போய் அங்கே இடம் பிடிப்பது நடக்காத காரியம். இருட்டில் மூன்று கேம்ப்கிரவுண்டைச் சுற்றிவிட்டு, பார்க்கிங்கில் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முகாமுக்கு வெளியே பூங்காவில் எங்கும் வண்டியில் தூங்க அனுமதி இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இந்தியன் கோவ். 101 இடங்கள், முன்பதிவு உண்டு. சுமார் 3,200 அடி உயரம். ஹிடன் வேலி 4,200 அடி, ஜம்போ ராக்ஸ் 4,400. நவம்பர் கடைசி இரவில் அந்த ஆயிரம் அடி வித்தியாசத்தை உடம்பு உணரும். மேலே தண்ணீர் பாட்டில் உறைந்து கிடக்கும் காலைகளில்கூடக் கீழே அவ்வளவு கடுமை இருக்காது. பகலில் டி-ஷர்ட், இரவில் மூன்று அடுக்கு உடை, இதுதான் அந்த ஊர். தங்குமிடங்களுக்குப் பின்னாலேயே பாறைகள் எழுந்து நிற்கும். ஷார்ட் வால் என்றொரு குட்டையான சுவர் இருக்கிறது, புதியவர்கள் டாப் ரோப் போட்டுப் பழகும் இடம். மகள் ஏற இஷ்டமில்லாமல் டென்டுக்குப் போக வேண்டும் என்றால் நாளே கெட்டுப்போகாது. ரேஞ்சர் நிலையத்தில் குடிநீர் பிடித்துக்கொள்ளலாம், அவசரத் தொலைபேசியும் அங்கே இருக்கிறது. செல்போன் சிக்னல் பூங்காவின் பெரும்பகுதியில் கிடையாது, அதனால் அந்தத் தொலைபேசி எங்கே என்று போன உடனே ஐந்து பேரும் நேரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: இந்தியன் கோவிலிருந்து பூங்காவின் நடுப்பகுதிக்கு உள்ளேயே சாலை இல்லை. ஹிடன் வேலிக்குப் போக வெளியே நெடுஞ்சாலை 62க்கு வந்து, மேற்கு வாயில் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு நாள் போய் வாருங்கள், போதும். பூங்கா முழுவதும் 8,000க்கு மேற்பட்ட ஏறும் வழிகள் இருக்கின்றன. நாலு நாளில் நீங்கள் தொடப் போவது பத்தோ பதினைந்தோ.

முன்பதிவு ஆறு மாதம் முன்னாலேயே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் திறந்துவிடும். இந்நேரம் அந்த வார இறுதி நிரம்பியிருக்கும். ஆனால் ரத்து செய்கிறவர்கள் உண்டு. தினமும் காலையில் ஒரு தடவை பாருங்கள், நாலு இரவும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டாலும் இரண்டு இரண்டாகக் கிடைக்கலாம். ஆபீசில் லீவு மாற்ற முடியுமானால் ஒரு வாரம் முன்னால், ஞாயிறு மதியம் போய் வியாழன் திரும்புங்கள். அதே பாறை, கால்வாசிக் கூட்டம். எதுவும் கிடைக்கவில்லையா, ஊரில் தனியார் கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன, சில இடங்களில் வெந்நீர்க் குளியலும் உண்டு. மேற்கு வாயில் அங்கிருந்து கிட்டத்தில்தான். கடைசியாக வேண்டுமானால் தெற்கே அந்த பிஎல்எம் நிலம்.

அந்தக் கடைசி வழி வந்தால் சில விஷயங்கள். கலிஃபோர்னியாவில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே மத்திய அரசு நிலத்தில் அடுப்பு பற்ற வைக்கக்கூட, கேஸ் அடுப்பாக இருந்தாலும், ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மணல் நெகிழ்ந்திருக்கும் இடத்தில் டென்ட் முளை நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, வாயைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் காற்று எவ்வளவு இழுத்தாலும் அசையாது. ஏற்கெனவே யாரோ தங்கிய வெற்றுத் தரையில் மட்டும் டென்ட் போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. யூட்டாவின் செம்மண் பாலையில் மண்டியிட்டுத் தரையைப் பார்த்தால், கருத்து, சொறசொறவென்று, சின்னச் சின்னக் கோபுரம் மாதிரி ஒரு பொருக்கு தெரியும். அழுக்கு மாதிரிதான் இருக்கும். அது உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பாசிச்செடியும் சேர்ந்து மணலைத் தைத்துப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு செருப்புக் கால் பட்டால் நொறுங்கிவிடும், திரும்ப வளரப் பல வருடங்கள், சில இடங்களில் பல பத்தாண்டுகள். இலவச இடங்களில் ஒவ்வொரு கூட்டமும் 'கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் தனியாக' என்று ஒரு புது இடத்தை மிதிக்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஒரு டென்ட் அளவாக இருந்த வெற்றுத் தரை இன்று பேருந்து நிலையம் அளவுக்கு விரிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அப்புறம், நீரோடிய தடத்தில் படுக்காதீர்கள். மணல் மெத்தை மாதிரி இருக்கும், காற்றும் படாது, ஆசையாகத்தான் இருக்கும். யூட்டாவில் இந்தியன் க்ரீக் என்ற பிளவுப் பாறைப் பகுதிக்கு ஒரு அக்டோபரில் மூன்று மாணவர்களோடு போயிருந்தேன். ஓடையைத் தாண்டி உள்ளே இருக்கும் இலவச இடத்தில் தங்கினோம். மேட்டில்தான் டென்ட் போட்டோம், அது நல்லதாகப் போயிற்று. இரவு எங்கள் தலைமேல் ஒரு துளி விழவில்லை. தூரத்தில் மலைப்பக்கம் மின்னியது, அவ்வளவுதான். விடிகாலையில் லாரி ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். முந்தின மாலை கணுக்கால் நனையாமல் வண்டியில் கடந்த ஓடை, குழைத்த செங்கல் மண் நிறத்தில், இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு ஜூனிபர் மரம் வேரோடு உருண்டு போயிற்று. நாலு பேருக்கு எங்களிடம் இருந்தது ஆறு லிட்டர் தண்ணீர். அன்று காலை ஊருக்குப் போய் நிரப்புவதாக இருந்தோம். நிழலில் உட்கார்ந்து, மணிக்கு இத்தனை மடக்கு என்று எண்ணிக் குடித்தோம். நாலு மணிக்கு மேல்தான் ஓடை வடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல், இலவச இடத்துக்குப் போனால் ஒரு நாள் கூடுதல் தண்ணீர் இல்லாமல் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.

இவ்வளவு சொன்னதால் இலவச நிலத்துக்கு நான் எதிரி என்று நண்பர் நினைக்க வேண்டாம். இந்தியன் க்ரீக், யூட்டாவின் மோவாப், லாஸ் வேகஸ் பக்கத்து ரெட் ராக் எல்லாம் மணற்பாறை. மழை நனைத்தால் பாறை வலுவிழக்கும், பிடி உடையும், மாட்டிய கருவி பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை காயவிட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு வாரம் அங்கே தங்கி ஏறுகிறவருக்கு அப்படிக் காத்திருக்கும் நாட்கள் எப்படியும் வரும். அவருக்கு இலவச இடம் பெரிய வரம். கழிவைச் சுமந்து வரத் தெரிந்தவர், தண்ணீர்க் கணக்குத் தெரிந்தவர், வண்டி கொஞ்சம் உயரமானது என்றால் நானே அனுப்பிவைப்பேன். ஜாஷுவா ட்ரீ பாறை வேறு இனம், கிரானைட் வகை. மழை விட்டுக் காற்று அடித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

ஊருக்கு ஊர் பதில் மாறும் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள், பின்னால் உதவும். அந்த ரெட் ராக் கேன்யனில் பாறைக்குக் கிட்டத்தில் இருப்பது ஒரே ஒரு பொதுக் கேம்ப்கிரவுண்டு, அதுவும் கோடையில் மூடிவிடும். இலவசம் வேண்டும் என்றால் மலையைச் சுற்றிக்கொண்டு லவெல் கேன்யன் பக்கம் போக வேண்டும், காலை நேரம் சாலையிலேயே கரையும். அங்கே நான் யோசிக்காமல் காசு கட்டுவேன். மோவாப்பில் ஊரைச் சுற்றிக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம், கழிப்பறை இல்லாத இடத்தில் சொந்தமாகக் கொண்டுபோகும் கழிப்பறை கட்டாயம். நதியோரமாகப் போகும் சாலையில் உள்ள கட்டண முகாம்களில் தங்குவது எவ்வளவோ மேல், பிக் பெண்டில் படுத்தால் சாலைக்கு அந்தப் பக்கம் பௌல்டரிங் பாறைகள், கயிறில்லாமல் ஏறும் குட்டைப் பாறைகள். கலிஃபோர்னியாவின் பிஷப் ஊரில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழைய கல்லுடைத்த குழி ஒன்றைச் சீராக்கி, கழிப்பறை வைத்து, 'பிட்' என்று குளிர்காலத்துக்குத் திறக்கிறார்கள். பல வருடம் அங்கே ஒரு இரவுக்கு 2 டாலர்தான். இப்போது கூடியிருக்கிறது, ஆனாலும் மலிவுதான். பாறையடியில் தாறுமாறாகக் கிடந்த கூடாரங்களை ஒரு இடத்துக்குக் கொண்டுவர அது ரொம்ப உதவியது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் டாப் ரோப் என்றால் கயிறு ஏற்கெனவே மேலே தொங்கும். ஜாஷுவா ட்ரீயில் அதை நீங்கள் மேலே போய்க் கட்ட வேண்டும், பல பாறைகளின் தலையில் போல்ட், அதாவது கயிறு மாட்டப் பாறையில் பதித்த இரும்பு, இருக்காது, பிளவில் கருவி வைத்து நங்கூரம் அமைக்கத் தெரிய வேண்டும். அது வீடியோ பார்த்துக் கற்கும் விஷயம் அல்ல. முதல் நாள் மட்டுமாவது பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தை இதில் போடுங்கள். பாறை மணல்தாள் மாதிரி இருக்கும், விரலில் ஒட்ட டேப் இரண்டு சுருள் வையுங்கள்.

விறகு ஊரிலிருந்தே கொண்டு போங்கள். பூங்காவில் காய்ந்த குச்சியைக்கூடப் பொறுக்கக் கூடாது, தீ அதற்கென்று வைத்த வளையத்துக்குள் மட்டும். சாப்பாட்டுப் பையை மேஜைமேல் விட்டுவிட்டுப் பாறைக்குப் போகாதீர்கள். அண்டங்காக்கைகள் ஜிப்பைத் திறக்கக் கற்று வைத்திருக்கின்றன. வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அடியில் குனிந்து பாருங்கள், பாலைவன ஆமை நிழலுக்கு ஒதுங்கியிருக்கலாம். குளிர் வந்துவிட்டால் பெரும்பாலும் வளைக்குள் இருக்கும், இருந்தாலும் மகளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

நவம்பர் கடைசியில் அங்கே நாலே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், இறங்கிய அரை மணியில் குளிர் எலும்புக்குள் போகும். ஆகவே போகும் நாளில் அர்வைனிலிருந்து காலையிலேயே கிளம்பி, இரண்டு மணிக்குள் டென்ட் நின்றுவிட வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழியை வெளிச்சத்திலேயே மகளை இரண்டு தடவை நடக்க வையுங்கள். அவளுக்கென்று தனியாக ஒரு தலைவிளக்கு வாங்கிக் கொடுங்கள், மாற்று பேட்டரியோடு. இரவில் கொயோட்டி ஊளையிடும். அது தூரத்தில்தான் இருக்கும் என்று படுக்கும் முன்பே அவளிடம் சொல்லி வையுங்கள்.